தலைக்கு மேல் எண் காட்டாத சக்திகள்

பலர் சேர்ந்து இணையத்தில் சூப்பர்ஹீரோக்களாக ஆடும் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' ஆட்டத்தின் சக்திகளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. கேள்விகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எந்தச் சக்தி பலமானது? நான் ஆடுவது டிஃபென்டர், அதாவது குழுவுக்குத் துணை நிற்கும் வகைக் கதாபாத்திரம். சக்தி வகை ஃபோர்ஸ் ஃபீல்ட். கதாபாத்திரத்தின் பெயர் மழைக்குடை. குழுவின் பின்வரிசையில் நின்று மற்றவர்களைக் காப்பாற்றுகிறவளின் பார்வையில்தான் என் பதில்கள் இருக்கும். கீழே வரும் எண்கள் 2012 வரை நடந்த மூல ஆட்டத்தின் கணக்கு. இன்றைய சர்வர்களில் சில சக்திகளைத் திருத்தியிருக்கிறார்கள். சக்தியின் படத்தின் மேல் வலது கிளிக் செய்து விவரத்தைத் திறந்தால் நடப்பு எண் தெரியும்.

கேள்வி: இந்த ஆட்டத்தை மூடிவிட்டார்கள் என்றுதான் கேள்விப்பட்டேன். இப்போது எப்படி ஆடுகிறீர்கள்?

2004 ஏப்ரல் 28-ல் தொடங்கிய ஆட்டம் 2012 நவம்பர் 30-ல் மூடப்பட்டது உண்மைதான். 2019 ஏப்ரலில் ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்றான 'ஹோம்கமிங்'குக்கு ஆட்டத்தின் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே 2024 ஜனவரியில் உரிமம் வழங்கியது. கட்டணம் கிடையாது. சர்வர் செலவை ஆடுகிறவர்களின் நன்கொடைதான் தாங்குகிறது. தயங்காமல் வாருங்கள்.

கேள்வி: அக்கா, நெருங்கி நின்று அடிக்கும் என் ஸ்கிராப்பருக்கு டிஃபென்ஸ் (எதிரியின் அடியைத் தவற வைக்கும் திறன்) 32% இருக்கிறது. இன்னும் 5 ஏற்ற வேண்டுமென்றால் சேர்த்து வைத்த இன்ஃப்ளூயன்ஸ் (ஆட்டத்தின் பணம்) எல்லாம் கரைந்துவிடும். வெறும் ஐந்து சதவீதத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

இந்த ஆட்டத்தில் எல்லா ஐந்து சதவீதமும் ஒன்றல்ல. அதைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்த மாதிரி.

உங்கள் லெவலிலேயே இருக்கும் ஒரு சாதாரண எதிரி அடித்தால், 100 அடியில் 50 உங்கள் மேல் விழும். அவனுடைய அடிப்படை அதுதான். உங்கள் டிஃபென்ஸ் அந்த 50-லிருந்து நேராகக் கழிகிறது. டிஃபென்ஸே இல்லாதவர் 5 ஏற்றினால் 50 அடி 45 ஆகும். பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 40 இருப்பவர் 45-க்குப் போனால் 10 அடி 5 ஆகும். அதே ஐந்துதான், ஆனால் வாங்கும் அடி பாதியாகிவிடுகிறது. உங்கள் கணக்கில் 18 அடி 13 ஆகிறது, அதாவது கால் பங்குக்கு மேல் குறைவு. செலவழிக்கலாம். ஆனால் 37-ல் நின்றுவிட்டால் நல்ல பகுதி எல்லாம் அதற்கு மேல்தான் காத்திருக்கிறது.

45-க்கு மேல் ஏற்றுவதில் பெரிய பயன் இல்லை. எவ்வளவு டிஃபென்ஸ் வைத்தாலும் 100-க்கு 5 அடி விழுந்தே தீரும் என்பது ஆட்டத்தின் விதி. 'சாஃப்ட் கேப்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பலம் கூடிய எதிரிகளான பாஸுக்கும் ஆர்ச்வில்லனுக்கும் இது போதாதே என்று சிலர் 50, 55 என்று தேடி ஓடுகிறார்கள். அந்த எதிரிகளின் கூடுதல் குறித்திறன், கழித்தல் முடிந்த பிறகுதான் பெருக்கலாக வந்து சேர்கிறது. ஆர்ச்வில்லனுக்கு 1.5 மடங்கு. ஆகவே 45 வைத்திருந்தால் அவனுடைய அடி 100-க்கு 7 அல்லது 8 விழும். அதைக் குறைக்க டிஃபென்ஸைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. இன்கார்னேட் டிரையல்கள் என்ற உச்ச லெவல் சவால்களில் மட்டும் எதிரியின் அடிப்படை 64 என்பதால் அங்கே 59 தேவைப்படும். எதிரி உங்கள் டிஃபென்ஸைக் குறைக்கும் சக்தி வைத்திருந்தாலும் கொஞ்சம் உபரி கையிருப்பு நல்லது.

விழுந்த அடியின் சேதத்தைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸும் இதே போக்குதான். முன்னால் நின்று அடி தாங்கும் டேங்கர் 75-லிருந்து 90-க்குப் போனால், 25 வாங்கிய இடத்தில் 10 வாங்குகிறார். ஸ்கிராப்பருக்கு 75-தான் உச்சவரம்பு. அதனால்தான் உங்களை டிஃபென்ஸ் பக்கம் போகச் சொல்கிறேன்.

கேள்வி: குழுவில் சேர்ந்ததும் "நீ ஹீலரா?" என்று கேட்டார்கள். இல்லை, ஃபோர்ஸ் ஃபீல்ட் டிஃபென்டர் என்றேன். "எங்களுக்கு ஹீலர்தான் வேண்டும்" என்று நீக்கிவிட்டார்கள். நான் தவறான சக்தியை எடுத்துவிட்டேனா?

இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். அந்தக் குழுத் தலைவரும் இதைப் படிக்கட்டும்.

உங்களிடம் மூன்று கவசங்கள் இருக்கின்றன. டிஃப்ளெக்‌ஷன் ஷீல்ட், இன்சுலேஷன் ஷீல்ட், டிஸ்பெர்ஷன் பபிள். முதல் இரண்டும் வெவ்வேறு வகைத் தாக்குதலுக்கானவை. ஒன்று கைகலப்பைப் பார்த்துக்கொள்கிறது, மற்றது தூரத்துத் தாக்குதலையும் பரப்பி அடிப்பதையும் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் 15% டிஃபென்ஸ். பபிள் எல்லாவற்றுக்கும் 10%. ஆக எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தாலும் 25. ஒவ்வொன்றிலும் அதன் பலத்தைக் கூட்டும் மூன்று நல்ல என்ஹான்ஸ்மென்ட் போட்டால் அது ஏறக்குறைய 39 ஆகும். அதோடு குழுவுக்கே டிஃபென்ஸ் தரும் மனூவர்ஸ் சக்தியை ஓடவிட்டால் இன்னும் ஐந்தரை. கூட்டிப் பாருங்கள், 44.5. இந்த இதழில் மேலே ஒரு ஸ்கிராப்பர் நண்பர் இன்ஃப்ளூயன்ஸைக் கரைத்துத் தேடிக்கொண்டிருக்கிறாரே, அந்த 45-ஐ நீங்கள் குழுவில் உள்ள மற்ற ஏழு பேருக்கும் கொடுத்துவிடுகிறீர்கள்.

எதிரிகள் 100 புள்ளி சேதம் தந்திருக்க வேண்டிய இடத்தில், இப்போது சராசரியாக 11 தான் விழும். உங்கள் இடத்தில் ஹீலர் நின்றிருந்தால், மீதி 89 புள்ளியையும் அவர் குணப்படுத்தித் தீர வேண்டும். அதுவும் ஆள் விழுவதற்கு முன்னால். ஒரே நொடியில் மூன்று பாஸ்கள் சேர்ந்து, தூரத்திலிருந்து சுடும் ஒரு பிளாஸ்டரை அடித்தால் எந்த ஹீலரின் கையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. விழாத அடிக்கு மருந்து தேவையில்லை.

பிறகு ஏன் நீக்குகிறார்கள்? ஹீலர் வேலை செய்யும்போது பச்சை எண் தலைக்கு மேல் எழுகிறது. இறங்கிய உயிர்க்கோடு மேலே ஏறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நம் சக்தி வேலை செய்யும்போது திரையில் தெரிவது எதிரியின் தவறிய அடி மட்டுமே. அதை யாரும் நம் கணக்கில் எழுதுவதில்லை, 'இந்த மிஷன் சுலபமாக இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த ஆட்டத்தின் பலமான சக்திகளில் பெரும்பாலானவை இப்படி எண் காட்டாதவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஃப்ளெக்‌ஷனையும் இன்சுலேஷனையும் உங்கள் மேல் நீங்களே போட்டுக்கொள்ள முடியாது. மற்றவர்களுக்கு 44 தரும் நீங்கள், பபிளும் மனூவர்ஸும் மட்டும் கொண்டு 21-ல் நிற்பீர்கள். குழுவிலேயே அதிகம் அடி வாங்கக்கூடியவர் நீங்கள்தான். அதைத் தெரிந்தே இந்தச் சக்தியை எடுத்திருக்கிறீர்கள் என்றால், உங்களைக் குழுவில் சேர்த்துக்கொள்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சண்டை மும்முரமாகும்போது டேங்கரின் முதுகுக்குப் பின்னாலேயே இருங்கள். பபிளின் வட்டம் அவரையும் தொட வேண்டும். ஹோல்ட் (அசையவிடாமல் உறைய வைப்பது), மயக்கம், கால்கட்டு மூன்றிலிருந்தும் அது காக்கும். இதற்காகவே பிளாஸ்டர்கள் உங்களைத் தேடி வருவார்கள், பாருங்கள்.

குணப்படுத்தும் சக்தி வகையான எம்பதியை எடுத்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. எம்பதியின் உயிர்நாடி ஹீல் ஆதர் அல்ல, ஃபார்டிட்யூட். டிஃபென்ஸ், குறி, சேதம் மூன்றையும் அது உயர்த்துகிறது. 120 நொடி நிற்கிறது, அடிப்படை ரீசார்ஜ் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) 60 நொடிதான். ரீசார்ஜ் என்ஹான்ஸ்மென்ட் போட்டால் மூன்று பேர் மேல் விடாமல் வைத்திருக்கலாம். அதைச் செய்யும் எம்பதியாளர் எனக்கு அக்கா தங்கை மாதிரி.

கேள்வி: என் அடி விழும் வாய்ப்பு 95% என்று காட்டுகிறது. ஆனால் அடிக்கடி தவறுகிறது. ஆட்டம் ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை. உங்கள் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. 'ஸ்ட்ரீக் பிரேக்கர்' என்று ஒரு விதி உள்ளே ஓடுகிறது. வாய்ப்பு 90-க்கு மேல் இருந்து ஒரு அடி தவறினால், அடுத்தது கட்டாயம் விழும். 80-க்கு மேல் என்றால் இரண்டு தவறுகள் வரை பொறுக்கும். வாய்ப்பு குறையக் குறைய அந்தப் பொறுமை நீளும். கூட்டத்தை அடிக்கும் சக்தியில் ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாகப் பகடை உருளுகிறது. பத்துப் பேரை அடித்தால் பத்துப் பகடை. அதனால்தான் தவறுகள் அதிகம் கண்ணில் படுகின்றன.

கேள்வி: எதிரிகளைக் கட்டிப்போடும் கன்ட்ரோலர் எடுத்திருக்கிறேன். சின்ன எதிரிகள் என் ஹோல்டில் அப்படியே உறைந்துவிடுகிறார்கள். பாஸ் மட்டும் அசருவதே இல்லை. என்ன செய்ய?

இன்னொரு முறை போடுங்கள். முதல் ஹோல்ட் காலாவதி ஆவதற்குள்.

உங்கள் ஹோல்டின் அளவு 3. சின்ன எதிரியான மினியனின் தடுப்பு 1, அடுத்த படியான லெஃப்டினன்டுக்கு 2, பாஸுக்கு 3. கட்டுப்பட வேண்டுமென்றால் அளவு தடுப்பைத் தாண்ட வேண்டும், சமமாக இருந்தால் போதாது. அதனால் முதல் ஹோல்ட் பாஸின் மேல் வீணானது போலத் தெரியும். வீணாகவில்லை. இரண்டாவது சேர்ந்தால் 6 ஆகி, அவன் நின்றுவிடுவான். சில நேரம் முதல் ஹோல்டே கொஞ்சம் கூடுதல் அளவோடு விழுந்து அவனை மடக்கிவிடும், அது கன்ட்ரோலருக்கென்றே உள்ள வரம்.

குழுவில் இன்னொரு கன்ட்ரோலர் இருந்தால் இருவரும் ஒரே பாஸைக் குறி வையுங்கள். யாருடைய ஹோல்ட் என்று ஆட்டம் பார்ப்பதில்லை, கூட்டிக்கொள்கிறது. ஆனால் ஹோல்டும் மயக்கமும் ஒன்றோடொன்று கூடாது. ஒருவர் ஹோல்ட், மற்றவர் மயக்கம் என்று போட்டால் இரண்டுமே 3-ல் தனித்தனியாக நின்றுவிடும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல் தோற்கும் குழுக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆர்ச்வில்லன் கதை வேறு. அவனைச் சுற்றி ஊதா முக்கோணங்கள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை தெரியும் சுமார் 50 நொடியும் அவனைக் கட்ட நினைக்காதீர்கள். அவை மறையும் 25 நொடிதான் உங்கள் நேரம். முக்கோணம் இருக்கும்போது கூட இருக்கும் சில்லறை எதிரிகளைக் கட்டி வையுங்கள், கட்டுண்டவர்கள் மேல் கன்ட்ரோலரின் சேதம் இரட்டிப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ரேடியேஷன் எமிஷன் டிஃபென்டர் ஆடுகிறேன். நம்மைவிட 4 லெவல் கூடிய எதிரிகளோடு ஆடும் குழுவில் எதிரியைப் பலவீனமாக்கும் என் டிபஃப் எதுவும் ஏறுவதில்லை போலிருக்கிறது. நான் வெறும் கூட்டத்துக்கு நிற்கிறேனா?

உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எதிரியின் லெவல் ஏற ஏற அவன் மேல் நாம் போடும் எல்லாமே தேய்கிறது. 1 லெவல் கூடினால் 90% தான் ஏறும். 2 என்றால் 80, 3 என்றால் 65, 4 என்றால் 48. உங்கள் எனர்வேட்டிங் ஃபீல்ட் எதிரியின் ரெசிஸ்டன்ஸை 30% இறக்கும் சக்தி. 4 லெவல் கூடிய எதிரியிடம் அது 14.4 ஆகிவிடும்.

ஆனால் அந்த 14.4 யாருக்குப் போகிறது என்று பாருங்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் எல்லோருடைய அடியும் அந்த அளவு கூடுகிறது. எட்டு பதினான்கு நூற்றுப் பன்னிரண்டு. ஒரு முழு ஆளின் சேதத்துக்கு மேல் நீங்கள் தனியாகக் கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒன்பதாவது ஆளைச் சேர்க்க ஆட்டத்தில் இடமில்லை, நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். சம லெவல் எதிரி என்றால் இரண்டு ஆளுக்கு மேல்.

"அவனுக்கு ஏற்கனவே ரெசிஸ்டன்ஸ் இருந்தால் என் டிபஃபையும் அது தடுக்குமே" என்று அடுத்த வரியில் கேட்டிருக்கிறீர்கள். தடுக்கும். சம லெவலில் 40% ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரியிடம் உங்கள் 30, 18 ஆகக் குறைகிறது. அவனுடைய 40, 22 ஆகிறது. முன்பு 100-க்கு 60 இறங்கிய இடத்தில் இப்போது 78 இறங்கும். 60-க்கும் 78-க்கும் உள்ள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: சரியாக 1.3. ரெசிஸ்டன்ஸே இல்லாதவனிடமும் அதே 1.3 தான். யாரிடம் போட்டாலும் நண்பர்களின் அடி அதே விகிதத்தில் கூடுகிறது. இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஆக்ஸிலரேட் மெட்டபாலிஸம் நண்பர்கள் மேல் போடுவது என்பதால் எதிரியின் லெவல் அதைத் தொடாது. கடினமான மிஷனில் அதை ஒருபோதும் இறங்கவிடாதீர்கள். 50-ஐத் தொட்டு ஆல்ஃபா ஸ்லாட் என்ற கூடுதல் சக்தி இடத்தில் மூன்றாம் படிக்குப் போனால் உங்கள் லெவல் ஒன்று கூடியதாகக் கணக்கு. 48 ஆகத் தேய்ந்தது 65 ஆக நிற்கும். உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை.

கேள்வி: எனர்ஜி பிளாஸ்ட் பிளாஸ்டர் நான். எதிரிகள் தூக்கியெறியப்படுவதால் டேங்கர்களிடம் திட்டு வாங்குகிறேன். சக்தியையே மாற்றிவிடவா?

மாற்ற வேண்டாம். டேங்கரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவர் கூட்டத்தை ஒரு மூலையில் திரட்டி நிறுத்துகிறார். உங்கள் எனர்ஜி டாரென்ட் அவர்களை நாலாபக்கமும் சிதறடித்தால், பரப்பி அடிக்கும் எல்லோர் வேலையும் கெடுகிறது.

எதிரி எறியப்படும் திசை, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அவனுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆகவே காற்றில் மிதக்கும் ஹோவர் சக்தியை எடுத்துத் தலைக்கு மேல் போய் நின்று கீழே சுடுங்கள். தரையைத் தாண்டிப் போக இடமில்லாததால் நின்ற இடத்திலேயே விழுவான். விழுந்தவன் எழுந்து நிற்கும் வரை யாரையும் அடிப்பதில்லை, ஆக அது குழுவுக்குக் கவசம். மேலே போக முடியாத தாழ்ந்த குகையில், அவர்களுடைய முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி நீங்கள் நில்லுங்கள். ஹோம்கமிங்கில் 'சடன் ஆக்ஸிலரேஷன்' தொகுதியில் உள்ள ஒரு என்ஹான்ஸ்மென்ட், தூக்கி எறிவதை வெறும் கீழே விழுவதாக மாற்றிவிடும். அதை டாரென்டிலும் எக்ஸ்ப்ளோசிவ் பிளாஸ்டிலும் போடுங்கள். ஒற்றை ஆளை அடிக்கும் சக்திகளில் எறிதல் அப்படியே இருக்கட்டும். உங்கள் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும் பாஸை விரட்ட அது வேண்டும்.

கேள்வி: மாஸ்டர்மைண்ட் ஆடுகிறேன். எனக்காகச் சண்டையிடும் ஆறு பெட் இருந்தும் நானே முதலில் சாகிறேன்.

பெட்களைத் தாக்கு என்று அனுப்பிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்தொடர்ந்து காக்கும்படி நிறுத்திவையுங்கள். அப்போது உங்கள் மேல் விழும் அடி பங்கு பிரிகிறது: உங்களுக்கு இரண்டு பங்கு, அருகில் உள்ள ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு பங்கு. ஆறும் உயிரோடு இருந்தால் மொத்தம் எட்டுப் பங்கு, உங்களுக்குக் கால்வாசிதான்.

கேள்வி: சக்திகளின் ரீசார்ஜை வேகப்படுத்தும் ஹேஸ்டனை இடைவெளியில்லாமல் ஓட்ட ஆசை. மூன்று ரீசார்ஜ் என்ஹான்ஸ்மென்ட் போட்டும் நடுவில் நின்றுபோகிறது. நாலாவதும் போடட்டுமா?

நாலாவது வேண்டாம். மூன்று போட்டால் 95% வரை வருகிறது, நாலாவது தருவது மேலும் 5 தான். 2005-ல் கொண்டுவந்த விதி அது, அந்த ஸ்லாட்டை (என்ஹான்ஸ்மென்ட் போடும் இடத்தை) வேறு சக்திக்குக் கொடுங்கள்.

ஹேஸ்டன் ஓடுவது 120 நொடி, அடிப்படை ரீசார்ஜ் 450 நொடி. அது தரும் 70% ரீசார்ஜையும் உங்கள் 95-ஐயும் சேர்த்தால் கடிகாரம் 2.65 மடங்கு ஓடுகிறது. 120 நொடியில் 318 தீரும். மீதி 132-ஐ ஹேஸ்டன் இல்லாமல் 1.95 மடங்கில் ஓட்ட வேண்டும். 68 நொடி வெறுமையாகப் போகிறது. இப்போது கினெட்டிக்ஸ் எடுத்த ஒரு நண்பர் உங்கள் மேல் ஸ்பீட் பூஸ்ட்டை விடாமல் வைத்திருந்தால், ரீசார்ஜ் மேலும் 50 கூடும். அந்த 68 நொடி 29 ஆகச் சுருங்கும். தனியாளாகவே இடைவெளியை மூட வேண்டுமென்றால் எல்லாமாக 275% ரீசார்ஜ் வேண்டும். மீதியை என்ஹான்ஸ்மென்ட் தொகுதிகளின் போனஸில் தேட வேண்டும், ஒரே அளவு போனஸ் ஐந்து முறைக்கு மேல் கூடாது என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி: நான்தான் அந்த ஸ்பீட் பூஸ்ட் போடும் கினெட்டிக்ஸ். நல்லது நினைத்துப் போட்டால் "ஓட முடியவில்லை, சுவரில் மோதுகிறேன், எடுத்துவிடு" என்று எரிந்து விழுகிறார்கள். போட வேண்டாமா?

போடுங்கள். குறுகலான குகை மிஷனில் அந்த வேகத்தைக் கையாள்வது சிலருக்கு உண்மையிலேயே கடினம், கண் சுற்றுகிறது என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வழி இருக்கிறது. ஹோம்கமிங்கில் பாக்கெட் டி என்ற இடத்தில், 'நல் தி கல்' என்றொரு கடற்காகம் உண்டு. அதனிடம் பேசினால், ஸ்பீட் பூஸ்ட்டின் ஓட்ட வேகத்தை மட்டும் தன் மேல் ஏறாமல் அணைத்துக்கொள்ளலாம். ரீசார்ஜும், எண்டியூரன்ஸ் (சக்திகளுக்குச் செலவாகும் ஆற்றல்) ஊற்றும் அப்படியே கிடைக்கும். அடுத்த முறை யாராவது எரிந்து விழுந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள், அவர் திரும்பி வரும் வரை மற்ற ஆறு பேர் மேல் போட்டுக்கொண்டிருங்கள்.